வெள்ளிக்கிழமை போன் யாரிடம்?

புதிதாக சிஸ்டம் பிரிவில் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் வணக்கம்.

உங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முட்டிவலி ஒரு காரணம். இன்னொன்று, நேரில் வந்தால் நீங்கள் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே மேஜைக்கு அடியில் போனைப் பார்ப்பீர்கள். அடுத்தவர் போனில் என்ன இருக்கிறது என்று கவலைப்பட்டே வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது, பிடுங்கிப் பார்த்துவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

மாதக் கடைசியில் பழைய சர்வரைத் துடைத்துச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பாதியில் விடாமல் கடைசி வரை படியுங்கள்.

என்னை ஆபீஸில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. டீச்சர்மாருக்குப் பேர்போன நாசரேத்துக்காரி, கண்ணாடி போட்டிருக்கிறாள், வாய் நீளம். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் தூத்துக்குடியில் டீச்சர் என்றுதான் முடிவு கட்டுவார்கள். முதல் வாரம் மறுத்துப் பார்த்தேன். பிறகு அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நிறையக் காரியம் சாதித்தேன்.

நம் கம்பெனியின் வேலை என்ன என்று உங்களுக்கு ஏதாவது படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதில் கப்பலும் உலக உருண்டையும் இருந்திருக்கும். உண்மை அவ்வளவு அழகில்லை. கப்பலில் வரும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிறோம். அதற்காக நாம் ஒரு மூட்டையையும் தூக்குவதில்லை, காகிதத்தைத்தான் தூக்குகிறோம். வாடிக்கையாளர் யாரிடம் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். அது எதிர்க் கம்பெனிக்காரன் கண்ணில் பட்டால், அடுத்த மாதம் நம் வாடிக்கையாளர் அவன் ஆபீஸில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்.

முன்பெல்லாம் அந்தக் காகிதம் பீரோவில் இருந்தது. பிறகு எல்லார் போனுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. நம் எம்.டி. அண்ணாச்சியே ஒரு முறை, பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய ரகசிய விலைப்பட்டியலைத் தன் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். அவருடைய மச்சினி அதற்கு ‘சூப்பர் அத்தான்’ என்று நாலு பூ அனுப்பியிருந்தார். அண்ணாச்சி மறுநாள் காலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், இதுக்கு ஒரு பூட்டு போடணும்.”

“ஒங்க போனுக்கா அண்ணாச்சி?”

“எனக்கு எதுக்கு? பயலுகளுக்குப் போடுங்க.”

போட்டேன். கன்டெய்னர்கள் இறங்கும் யார்டில் அலையும் ஆட்கள் அத்தனை பேருக்கும் கம்பெனி செலவில் ஒரே மாதிரி போன் வாங்கினோம். சொந்த உபயோகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். ஒவ்வொரு போனுக்குள்ளும் கம்பெனிக் காகிதங்களுக்கென்று தனியாக ஒரு பெட்டகம் வைத்தேன். அதற்குள் இருப்பதைப் பார்க்கலாம், வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. திரையைப் படம் பிடிக்கவும் முடியாது. போன் தொலைந்தால் என் கம்ப்யூட்டரில் இரண்டு பட்டன். முதல் பட்டன் பெட்டகத்தை மட்டும் காலி செய்யும். இரண்டாவது பட்டன் போனையே காலி செய்துவிடும், கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி. எனக்கு அந்தப் பெட்டகத்தின் மேல் ஒரு பெருமை இருந்தது. பெத்த பிள்ளை பாஸான மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போனை வாங்கிப்போனார்கள். மீரான் மட்டும் வாங்கவில்லை.

மீரான் காயல்பட்டினத்துக்காரன், நம் யார்டு கிளார்க். அப்போது முப்பது வயது இருக்கும். கன்டெய்னர் யார்டில் வரிசையில் நின்று, டெலிவரி ஆர்டரைக் காட்டி, நம் பெட்டிகளை வெளியே எடுப்பது அவன் வேலை. டெலிவரி ஆர்டர் என்றால், இந்தச் சரக்கை இன்னாரிடம் கொடுக்கலாம் என்கிற சீட்டு. யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான். அன்றைக்கு என் அறை வாசலில் வந்து நின்று, பழைய போனைக் காட்டி, “டீச்சர், இதுவே இருக்கட்டுமே” என்றான்.

“ஏன், புதுசு கசக்குதா?”

“இதுல எங்க வாப்பா வாய்ஸ் கெடக்கு.”

அவனுடைய வாப்பா வளைகுடாவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். ஆறு மாதத்துக்கு முன்னால், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அறைத் தோழர் ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டை, சென்ட் பாட்டில், பிரிக்காத பிஸ்கட் எல்லாம் இருந்தன. அவருடைய போன் மட்டும் இல்லை. உம்மாவிடம் அவர் நேராகக் கூப்பிட்டுத்தான் பேசுவார். மகனுக்கு மட்டும், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து வருஷத்துக் குரல் அந்தப் போனில் இருந்தது.

“அதெல்லாம் புதுப் போனுக்கு அப்படியே மாத்தித் தாரேன்” என்றேன்.

“ஒங்க பட்டன் இதைத் தொடாதுல்லா டீச்சர்?”

“ஆபீஸ் பேப்பரை மட்டும்தான் தொடும். நான் இருக்கேன்லா, பயப்படாத.”

“வேற எங்கயாச்சும் ஒரு காப்பி போட்டு வச்சுக்கிடட்டுமா?”

அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். கம்பெனி போனிலிருந்து எதையும் வெளியே காப்பி எடுத்து வைக்க முடியாதபடி அடைத்திருந்தேன். அது என் விதி, நானே எழுதியது. ஒருவனுக்குத் திறந்துவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். “எதுக்கு? போன்லயே பத்திரமா இருக்கும்” என்றேன். அவன் நம்பினான், குரலெல்லாம் புதுப் போனுக்கு வந்ததும் பழையதைக் காலி செய்து கடையில் கொடுத்துவிட்டான். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

இப்போது, எனக்கு அன்றைக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யார்டில் எல்லோருக்கும் தெரியும். நம் கேட் வாட்ச்மேனுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். யார்டுக்குப் பக்கத்திலேயே, மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த எனக்கும் அண்ணாச்சிக்கும்தான் தெரியாது.

யார்டு வரிசையில் வெள்ளிக்கிழமை மதியம் மீரானுக்காக லூர்து நிற்பான். ஞாயிற்றுக்கிழமை காலை லூர்துவுக்காக மீரான் நிற்பான். இவன் தொழுகைக்குப் போய்விட்டு வருவான், அவன் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வருவான். வருஷக்கணக்காக நடக்கிற ஏற்பாடு. இதில் ஒரே ஒரு சங்கடம், லூர்து எதிர்க் கம்பெனியின் கிளார்க். எந்தக் கம்பெனியிடமிருந்து காகிதத்தைக் காப்பாற்ற நான் அத்தனை பாடுபட்டேனோ, அதே கம்பெனி.

பூட்டு வருவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை மீரான் அந்த ஒரு டெலிவரி ஆர்டரை மட்டும் லூர்து போனுக்கு அனுப்பிவிட்டுப் போவான். பூட்டு வந்த பிறகு அனுப்ப முடியவில்லை. என்ன செய்வான்? போனையே கையில் கொடுத்து, திறக்கிற நம்பரையும் சொல்லிவிட்டுப் போனான். ஒரு சீட்டு போய்க்கொண்டிருந்த இடத்துக்கு மொத்தப் போனும் போக ஆரம்பித்தது. இந்த முன்னேற்றத்தை ஏற்படுத்தியது உங்கள் டீச்சர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். அண்ணாச்சி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

“டீச்சர், மீரானுக்குப் போன் போட்டேன். வேற எவனோ எடுக்கான்.”

“யாரு?”

“யாருலேன்னு கேட்டேன். ‘ஐயோ அண்ணாச்சி’ங்கான், கட் பண்ணிட்டான். திரும்பப் போட்டா எடுக்கல.”

பிறகுதான் தெரிந்தது, திரையில் அண்ணாச்சியின் பெயரைப் பார்த்ததும் லூர்து பதறியிருக்கிறான். கட் செய்ய நினைத்து எடுத்துத் தொலைத்துவிட்டான். குரலைக் கேட்டதும் இன்னும் பயந்துபோய்க் கட் செய்துவிட்டு, மறுபடி அடித்தபோது சத்தம் வராமல் அமுக்கிவிட்டான். இதெல்லாம் அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்? போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்த்தேன். நீலப் புள்ளி எதிர்க் கம்பெனியின் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அவர்கள் ஷெட் யார்டு கேட்டுக்கு நேர் எதிரே. வெயில் தாங்காமல் லூர்து தண்ணீர் குடிக்க உள்ளே போயிருக்கிறான், வேறொன்றும் இல்லை.

அண்ணாச்சி அந்தப் புள்ளியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“திருடிட்டாம்லா” என்றார். “முந்திரிக்காரர் பேப்பர் பூரா அதுலதான கெடக்கு?”

முந்திரிக்காரர் நம்முடைய பெரிய வாடிக்கையாளர். கப்பல் கப்பலாக முந்திரிக்கொட்டை இறக்குகிறவர். எதிர்க் கம்பெனி அவரை ஒரு வருஷமாக வலைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனால் யார்டு ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதனால் அண்ணாச்சியின் பதற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் பட்டனை அழுத்தினேன். பெட்டகம் காலி. எனக்கு மூச்சு வந்தது.

“முடிஞ்சுதுல்லா?” என்றார் அண்ணாச்சி.

முடியவில்லை. முந்திரிக்காரருக்குப் பெட்டகமும் தெரியாது, பூட்டும் தெரியாது. மீரான் நல்ல பையன், சொன்னதைச் செய்வான் என்று, எல்லாக் காகிதத்தையும் அவனுடைய வாட்ஸ்அப்புக்கு நேராக அனுப்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். “சரிம்மா” என்பார், மறுநாளும் அதிலேயே அனுப்புவார். ஆக அவருடைய விலையெல்லாம் பெட்டகத்துக்கு வெளியே கிடந்தது. மீரானின் வாப்பாவும் அங்கேதான் இருந்தார். முந்திரிக்கொட்டை விலைக்கு நாலு விரல் தள்ளி, அதே வாட்ஸ்அப்பில். அதைத் தொட வேண்டுமென்றால் இரண்டாவது பட்டன்தான்.

“அண்ணாச்சி, இருபது நிமிஷம் பொறுங்க. மீரான் எங்க இருக்கான்னு பாப்போம்.”

“இருபது நிமிஷத்துல அவன் பூராத்தையும் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிருவான் டீச்சர்.”

“அந்தப் பையனோட சொந்த சமாச்சாரம் அதுல இருக்கு. அவங்க வாப்பா குரல். தொட மாட்டேன்னு நான் சொல்லியிருக்கேன்.”

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. “எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா நாப்பது குடும்பம் இருக்கு டீச்சர்” என்றார். அடுத்தாற்போல ஒன்று சொன்னார். “இதுக்குத்தான இந்தப் பூட்டை வாங்குனோம்? வேலை செய்யுமா, செய்யாதா?”

அழுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களிடம் பொய் சொல்ல ஆசையாக இருக்கிறது. நாற்பது குடும்பத்துக்காக அழுத்தினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலை செய்யுமா என்று அவர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் பூட்டைப் போய் இப்படிக் கேட்கிறாரே என்று. வேலை செய்வதை அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் என் விரல் போனது. திரையில் பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று வந்தபோது, வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கால் மணி நேரத்தில் கீழே ஒரே சத்தம். வாட்ச்மேன் யாரையோ தடுக்கிறார், அவன் தடுக்கத் தடுக்க மேலே ஏறி வருகிறான். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்க, போனை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு லூர்து என் அறைக்குள் நுழைந்தான். அவனை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

“மேடம், மாதா சத்தியமா நான் ஒண்ணும் தொடல. வரிசையில நின்னுக்கிட்டிருக்கேன், சீட்டைக் காட்டப் போறேன், அதுவா அணைஞ்சு அதுவா எரியுது. எரிஞ்சா ஒவ்வொரு பாஷையிலயும் வணக்கம் சொல்லுது. மீரான் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அண்ணாச்சி எழுந்தார். “ஏலே, நீ அந்தக் கம்பெனி ஆளுல்லா? எங்க பேப்பரைப் படம் எடுத்தியா?”

“ஒங்க பேப்பரை வச்சு நான் என்ன அண்ணாச்சி செய்ய? எங்க பேப்பரே எனக்குப் புரியாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இவனுக்கு நான்தான நிக்கேன். ஒங்க வாட்ச்மேனையே கேளுங்க.”

கதவருகே நின்ற வாட்ச்மேன் என்னைப் பார்த்து, “இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா டீச்சர்” என்றார். ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

நான் மேப் பார்த்தேன், பட்டன் பார்த்தேன், அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். நாள்காட்டியைப் பார்க்கவில்லை. பதினாறு படி இறங்கி வாட்ச்மேனிடம் மீரான் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

மீரான் ஒன்றரை மணிக்கு வந்தான். தொப்பி இன்னும் சட்டைப்பையில் மடித்து இருந்தது. யார்டில் லூர்துவைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான், மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“அதுவுமா டீச்சர்?” என்றான்.

“ஆமாப்பா.”

“திரும்ப எடுக்க முடியாதா?”

“முடியாது. காப்பி எடுக்க விடாம நான்தான் அடைச்சு வச்சிருந்தேன்.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் போனை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, “சீட்டை ஒரு பிரின்ட் எடுத்துத் தாங்க. வரிசை போயிருச்சு, திரும்ப நிக்கணும்” என்றான். அவ்வளவுதான். லூர்துதான் என் அறையில் நின்று விசும்பி விசும்பி அழுதான். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் டிபன் டப்பா திறந்தபடியே கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு மீரான் என் அறைக்கு வந்தான். போனை என் மேஜையில், எனக்கு நேராக வைத்தான்.

“தொழுதுட்டு வாரேன். இங்கனயே இருக்கட்டும். நீங்க மேப்புல தேட வேண்டாம்லா.”

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த ஒரு மணி நேரம் நான் எந்த வேலையும் பார்க்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வைத்தான். அதற்கடுத்ததும். வரிசையில் லூர்து அச்சடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றான். எத்தனை லட்சம் செலவழித்துப் போட்ட பூட்டு, கடைசியில் பழையபடி காகிதத்தில் வந்து நின்றது. ஏழு வெள்ளிக்கிழமை இப்படிப் போனது. இந்த வேலையில் நான் வாங்கிய தண்டனைகளில் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை.

எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, லூர்து மறுபடியும் வந்தான். இந்த முறை வாட்ச்மேன் தடுக்கவில்லை. மீரானையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தான். எதற்கு என்று மீரானுக்கே தெரியவில்லை.

“மேடம், என் போன்ல இடமில்லன்னு காட்டுச்சு. எங்க சித்தி தினமும் காலையில பூ அனுப்பும், குட்மார்னிங் போட்டு. அதையெல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சுக்கிட்டே வந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இவன் அனுப்புனது ஒண்ணு கெடந்துச்சு.”

“என்னது?”

“இவனுக்கே அனுப்பியிருப்பேன். பயமா இருந்துச்சு. ஒங்க பட்டன் பட்டு இதுவும் போயிருச்சுன்னா? அதான் கையோட கொண்டாந்துட்டேன்.”

அவன் போனை மேஜைமேல் வைத்து அழுத்தினான்.

முதலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு வயசான குரல், காயல்பட்டினத்து இழுவையோடு. “மீரான், ஒன் கூட்டாளி லூர்துகிட்ட சொல்லு. வெள்ளிக்கிழமை ஒனக்காக வெயில்ல நிக்கிறாராம்லா. நான் வரையில அவருக்கு ஒரு நல்ல தொப்பி கொண்டாரேன். ஒன் தொப்பி இல்ல, வெயில் தொப்பி.” தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. “தொழுவையில அவருக்கும் சேத்துக் கேளு, என்ன?” பின்னால் ஒரு ஷட்டரைத் தூக்குகிற சத்தம். முடிந்தது. பத்தொன்பது வினாடி.

மீரான் இன்னொரு தடவை போடச் சொன்னான். சிரிப்பு வந்த இடத்தில் அவனும் சிரித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தச் சிரிப்பு எனக்கு மறக்க ஆரம்பிச்சிருச்சு டீச்சர்” என்றான்.

“தொப்பி வரல, பாத்தியா” என்றான் லூர்து. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே அழுதோம்.

நான் பூட்டிப் பூட்டிக் காத்த போனில் ஐந்து வருஷத்துக் குரலும் போய்விட்டது. மிஞ்சியது, எதிர்க் கம்பெனிக்காரன் போனுக்குக் கசிந்துபோன பத்தொன்பது வினாடி. அதுவும் பூட்டு வருவதற்கு முன்னால் கசிந்ததால் மிஞ்சியது. இதற்கு நீங்கள் என்ன விளக்கம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கு யோசிக்க நேரமில்லை, வேலை இருந்தது. நான் எழுதிய விதிகளை ஒவ்வொன்றாக மீறினேன். அதை மீரான் போனில் ஏற்றினேன், அவன் உம்மா போனில் ஏற்றினேன், பென்டிரைவில் போட்டேன், என் சொந்தப் போனுக்கும் அனுப்பிக்கொண்டேன். காப்பி எடுக்கத் தடை என்று சுவரில் ஒட்டியிருந்த என் கையெழுத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தனையும் செய்தேன்.

அந்த வாரமே பூட்டைத் திருத்தினேன். ஒரு சீட்டை மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மட்டும், வெளியே இன்னொருவருக்குக் கொடுக்கலாம். முழுவதையும் அழிக்கிற பட்டனை இரண்டு பேர் சேர்ந்துதான் அழுத்த முடியும், அதில் ஒருவர் யார்டில் இருப்பவராக இருக்க வேண்டும். சொந்தக் குரல், சொந்தப் படம் எல்லாவற்றுக்கும் காப்பி எடுத்துக்கொள்ள வழி திறந்துவிட்டேன். எங்கள் பாதுகாப்புப் படிவத்தில் ஒரு கட்டமும் சேர்த்தேன். ‘வெள்ளிக்கிழமை போன் யாரிடம்?’ மீரானுக்கு நேராக லூர்துவின் பெயரையும் கம்பெனியையும் எழுதினேன். எதிர்க் கம்பெனி ஆளின் பெயரைத் தன் பாதுகாப்புப் படிவத்தில் வைத்திருக்கிற நிறுவனம் வேறெங்காவது உண்டா தெரியவில்லை. அண்ணாச்சி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படித்துவிட்டுத்தான் போட்டாராம், நான் ஓய்வு பெறும் நாளில் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மீரான் போனை என் மேஜையில் வைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யார்டு கேட்டில் அவன் லூர்து கையில் போனைக் கொடுத்துக்கொண்டிருந்தான். லூர்து தலையில் அகலமான வெயில் தொப்பி ஒன்று இருந்தது, விலைச்சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்திரிக்காரர் எங்கும் போகவில்லை. இன்னமும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார் என்று கேள்வி.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் நீங்கள் கழுவப்போகும் சர்வரில், பழைய டெலிவரி ஆர்டர்கள் இருக்கும் இடத்தில், ஒரு கோப்பு தனியாகக் கிடக்கும். பெயரில் ‘வெயில் தொப்பி’ என்று இருக்கும். எந்த வாடிக்கையாளரோடும் ஒட்டாது, எந்தக் கப்பலோடும் ஒட்டாது. உங்கள் மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டி, தேவையில்லாதது, அழிக்கட்டுமா என்று கேட்கும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த இடங்களிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நான்தான் போட்டுவைத்தேன்.

அழுத்துவதற்கு முன்னால் பதினாறு படி இறங்கிப் போய் மீரானைக் கேளுங்கள். அவன் இப்போதும் யார்டில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை மதியமாக இருந்தால் லூர்துவைக் கேளுங்கள், போன் அவனிடம்தான் இருக்கும்.